இணையத் தரநிலை எழுதுபவர்களின் இலட்சியம் எந்த இடத்தில் பொறுப்பாகிறது?

#1 ஓரப்புள்ளி

இணையத் தரநிலைகளை எழுதும் அமைப்பான ஐஇடிஎஃப் வெளியிட்ட சில ஆவணங்களை வரிசையாக அடுக்கினால் ஏதோ ஒரு இலட்சியக் கூட்டத்தின் பிரகடனம் போலத்தான் இருக்கும். 1996-இல் ஆர்எஃப்சி (எண்ணிட்டு வெளியிடும் இணைய ஆவணம்) 1984: குறியாக்கத்தை அரசுகள் பலவீனப்படுத்தக் கூடாது (ஆர்வெல்லின் நாவலை நினைவூட்டும் எண், வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார்கள்). 2000-இல் 2804: ஒட்டுக்கேட்கும் வசதியை நெறிமுறையில் (கணினிகள் பேசிக்கொள்ளும் விதித்தொகுப்பு) சேர்ப்பது எங்கள் வேலை அல்ல. 2004-இல் 3935: இணையம் விழுமியம் பார்க்காத ஒன்று அல்ல, நாங்களும் அப்படி அல்ல. 2014-இல் 7258: எல்லோரையும் ஒட்டுமொத்தமாகக் கண்காணிப்பது ஒரு தாக்குதல், வடிவமைப்பிலேயே அதை எதிர்கொள்ள வேண்டும். 2020-இல் 8890: நலன்கள் மோதும்போது பயனர் பக்கம் நிற்க வேண்டும்.

சரி, ஓடும் மென்பொருளில் இதெல்லாம் எவ்வளவு இறங்கியது?

குக்கியை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் தரப்புக் குக்கியை 1997 பிப்ரவரியில் வந்த ஆர்எஃப்சி 2109-இலேயே தடுத்துவிட்டார்கள். நீங்கள் திறந்த பக்கத்துக்குச் சம்பந்தமில்லாத வேறொரு தளத்திலிருந்து ஒரு படம் இறங்கினால் அந்தத் தளத்தோடு குக்கி பரிமாறக் கூடாது. இதை மீறும் வசதியைப் பிரவுசர் தரலாம், ஆனால் அது இயல்பில் அணைந்தே இருக்க வேண்டும். தெளிவான விதிதான். அன்றைய இரண்டு பெரிய பிரவுசர்களும் கண்டுகொள்ளவே இல்லை. 2000-இல் 2965 அதையே திருப்பிச் சொன்னது, அதுவும் போணியாகவில்லை. 2011-இல் 6265 வந்தபோது, பிரவுசர்கள் நடைமுறையில் என்ன செய்கின்றனவோ அதைப் பதிவுசெய்வதோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆக, 14 ஆண்டுகள் ஏட்டுச் சுரைக்காய்.

இதில் பொறுப்பு யாருடையது? எழுத வேண்டியதை எழுதிவிட்டார்கள். அதற்குமேல் அவர்கள் என்னதான் செய்திருக்க முடியும்?

#2 பிட்டுக்குப்பிட்டு

செய்திருக்க முடிந்தது ஒன்று உண்டு. விதியை மீறினால் ஏதாவது ஒன்று உடனே உடையும்படி வடிவமைத்திருக்கலாம். 2109-ஐ மீறியபோது எதுவும் உடையவில்லை. பக்கம் இறங்கியது, படம் தெரிந்தது, விளம்பரக் காசு வந்தது. நெறிமுறையின் இரு முனைகளுக்குமே மீறலில் லாபம். நஷ்டப்பட்டவர் திரைக்கு முன்னால் இருந்தவர், அவருக்கோ பைட்டுகள் தெரியாது.

வலைத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சி-யில் நடந்த ‘டூ நாட் ட்ராக்’ (என்னைக் கண்காணிக்காதே) இன்னும் மோசம். மொத்த நெறிமுறையும் பிரவுசர் அனுப்பும் ஒரே ஒரு தலைப்பு வரி: டிஎன்டி, பக்கத்தில் 1. சர்வர் அதை மதித்ததா, குப்பையில் போட்டதா என்று பிரவுசரால் சோதிக்க வழியே கிடையாது. 2011-இல் பணிக்குழு கூடியது. எதைக் ‘கண்காணிப்பு’ என்பது என்ற சண்டையிலேயே வருடங்கள் ஓடின. 2012-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 10 அதை இயல்பாகவே இயக்கி வைத்ததும், ‘இது பயனரின் விருப்பம் இல்லை, நாங்கள் ஏற்க மாட்டோம்’ என்று விளம்பரத் தரப்புக்கு ஒரு சாக்குக் கிடைத்தது. வரைவை எழுதியவர்களில் ஒருவரே, அந்தப் பிரவுசரின் கோரிக்கையைப் புறக்கணிக்கும் திருத்தத்தை அப்பாச்சி என்ற வலை சர்வரின் அமைப்புக் கோப்பில் போட்டார். 2019 ஜனவரியில் கடையைக் கட்டினார்கள்.

இதன் எதிர்முனை, இணைய உரையாடலைப் பூட்டும் நெறிமுறையான டிஎல்எஸ் 1.3 (ஆர்எஃப்சி 8446, 2018 ஆகஸ்ட்). ஆர்எஸ்ஏ என்ற பழைய சாவிப் பரிமாற்ற முறையைத் ‘தவிர்க்கவும்’ என்று அறிவுரை சொல்லவில்லை, தூக்கியே விட்டார்கள். அதைக் குறிக்கும் எண்ணே 1.3-இல் இல்லை. யாராவது முயன்றால் ஹேண்ட்ஷேக் (இணைப்பின் தொடக்கப் பேச்சு) முறிந்துவிடும். 7258-இல் சொன்ன இலட்சியம் பாக்கெட்டுக்குள் (கம்பியில் போகும் தரவுத் துண்டு) இறங்கியது இங்கேதான்.

#3 கம்பிக்காரன்

அண்ணே, நீங்க புகழ்ற அதே இடத்துலதான் என் வழக்கே. ‘எண்ணே இல்லை’ன்னு எழுதினவங்க யாரும் டேட்டா சென்டர்ல ராத்திரி வேலை பாக்குறவங்க இல்ல. உள்ளுக்குள்ள இருபது அடுக்கு, லோடு பேலன்சர், ஏபிஐ கேட்வே, டேட்டாபேஸ். எங்கயோ ஒரு கோரிக்கை தொங்குது. பழைய முறைல சர்வரோட தனிச்சாவியோட ஒரு நகலைக் கண்காணிப்புப் பெட்டிக்குள்ள போட்டா, ஸ்விட்சுல பிரதி எடுத்த பாக்கெட்டை அப்படியே திறந்து எந்த அடுக்குல நின்னுச்சுன்னு பாத்துடலாம். ரெண்டு முனையையும் தொட வேண்டாம். மோசடி கண்டுபிடிக்கிறதுக்கு, சட்டப்படி வைக்க வேண்டிய பதிவுக்கு, எல்லாத்துக்கும் இதான் வழி. அவங்க இலட்சியத்துக்கு நாங்க கப்பம் கட்டுறோம். அதுக்குப் பேரு பொறுப்பா?

#4 மூன்றாம்_அடுக்கு

கம்பிக்காரன் சொல்வது நிஜமான தேவை, மறுக்கவில்லை. ஆனால் அதே கதவு வழியாக வேறு யார் வரலாம் என்று பாருங்கள்.

பழைய முறையில் கிளையண்ட் 48 பைட் இரகசியம் ஒன்றை உருவாக்கி, சர்வரின் பொதுச்சாவியால் பூட்டி அனுப்பும். அந்த அமர்வின் எல்லாச் சாவிகளும் அதிலிருந்துதான் பிறக்கும். இன்றைக்குப் பாக்கெட்டுகளைச் சேமித்து வைத்துக்கொண்டு, மூன்று வருடம் கழித்துத் தனிச்சாவியை எப்படியாவது கைப்பற்றினால் (திருட்டு, நீதிமன்ற உத்தரவு, ஹார்ட்பிளீட் மாதிரி ஓட்டை) மூன்று வருட உரையாடலும் திறந்துவிடும். உங்கள் கண்காணிப்புப் பெட்டி செய்வதும் கணக்குப்படி அதே வேலைதான். நல்ல நோக்கத்தோடு கேட்பவரையும் கெட்ட நோக்கத்தோடு கேட்பவரையும் பிரித்துக் காட்டும் பிட் எதுவும் பாக்கெட்டில் கிடையாது.

சர்வர் தன் டிஃபி-ஹெல்மன் (1.3 பயன்படுத்தும் சாவிப் பரிமாற்ற முறை) சாவியை மாற்றாமல் வைத்துக்கொண்டு நகல் தரலாம் என்ற வரைவு 2017 ஜூலையில் ப்ராகில் விவாதிக்கப்பட்டது. கிளையண்ட் சம்மதத்தோடு செய்யலாம் என்ற மாற்று வடிவம் 2018 மார்ச்சில் லண்டனுக்கு வந்தது. இரண்டும் ஏற்கப்படவில்லை. உடனே விஷயம் ஈடிஎஸ்ஐ என்ற வேறொரு தரநிலை அமைப்புக்குப் போய், 2018 அக்டோபரில் ‘இடிஎல்எஸ்’ என்ற பெயரில் வெளிவந்தது. பெயரில் டிஎல்எஸ் இருப்பதற்கு ஐஇடிஎஃப் ஆட்சேபித்தது, பெயரை மாற்றினார்கள். 2019-இல் அந்த நெறிமுறைக்கே, பாதுகாப்புக் குறைகளைப் பட்டியலிடும் சிவிஇ எண் ஒன்று (2019-9191) விழுந்தது. காரணம், முன்பு பரிமாறியதைப் பின்னாளில் திறக்க முடியாதபடி காக்கும் குணம் அதில் இல்லை. ஒரு அமைப்பு மறுத்ததை இன்னொன்று செய்துகொடுக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறை வழி இதுதான்: ஏதாவது ஒரு முனையிலிருந்து அமர்வுவாரியாகச் சாவியை ஏற்றுமதி செய்வது. எஸ்எஸ்எல்கீலாக்ஃபைல் என்ற சூழல் மாறிக்கு ஒரு கோப்பின் பாதையைக் கொடுத்தால், அதை ஆதரிக்கும் டிஎல்எஸ் நூலகங்கள் ஒவ்வொரு அமர்வின் இரகசியங்களையும் அதில் வரிவரியாக எழுதும். அதை வயர்ஷார்க் என்ற பாக்கெட் ஆய்வு மென்பொருளில் காட்டினால் பாக்கெட் திறக்கும். கசிந்தால் கோப்பில் உள்ள அமர்வுகள் மட்டுமே போகும், மொத்தச் சரித்திரமும் போகாது.

#5 கம்பிக்காரன்

கீலாக் தெரியும். ஒரு முனைல ஓகே. ஆயிரம் முனைல அந்தக் கோப்பை நேரத்தோட சேகரிச்சு, பாக்கெட்டோட பொருத்தி, பிறகு அழிக்கிறது தனி வேலை. மெமரிலேர்ந்து நேரா பாதுகாப்பான சேகரிப்பானுக்குத் தள்ளணும். டிஸ்க்குல கிடந்தா அதுவே பெரிய ஓட்டை. ‘முடியும்’னு சொல்றவங்க அந்தச் செலவையும் சேர்த்து எழுதணும். பாதுகாப்புக் கவனக் குறிப்பு எழுத ஒரு தனிப்பகுதி இருக்கு, இயக்குறவங்க செலவுக்கு ஏன் அதே மாதிரி கட்டாயப் பகுதி இல்ல?

டிஎன்எஸ் (தளத்தோட பேரைக் குடுத்து ஐபி முகவரி கேக்குறது) கேள்வியைக் குறியாக்கி அனுப்புற டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ் விஷயமும் அப்படித்தான். 2016-ல வந்த டிஎன்எஸ் ஓவர் டிஎல்எஸ்க்கு 853-ன்னு தனிப் போர்ட். நெட்வொர்க் நடத்துறவனுக்கு என்ன நடக்குதுன்னு தெரியும். 2018-ல ஆர்எஃப்சி 8484 அதை சாதாரண வலைப் போக்குவரத்து போற 443-க்குள்ள ஒளிச்சு வெச்சுது. எந்த ரிசால்வர்னு (அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ற சர்வர்) எப்படித் தேர்ந்தெடுக்கிறதுன்னு அதுல சொல்லலை. அந்தக் காலி இடத்தைப் பிரவுசர்காரங்க நிரப்புனாங்க. விளைவு, ஏகப்பட்ட பேரோட கேள்விகள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில கம்பெனிகள்கிட்ட. ஒட்டுக்கேக்குறவனைத் தடுத்தோம்னு சொல்லி மொத்தத்தையும் ஒரே வாசல்ல கொட்டினா எப்படி?

#6 வரைவுவாசகி

8484 பற்றிய குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. குறியாக்கம் ஒரு பணிக்குழுவின் வேலை, ரிசால்வரைக் கண்டுபிடிப்பது வேறொருவர் வேலை என்று பிரித்துக்கொண்டார்கள். இரண்டாவது வேலைக்கான குழு 2020-இல்தான் அமைந்தது. அதன் பலன், உள்ளூர் ரிசால்வரிடமே ‘உன்னிடம் குறியாக்கம் செய்த வழி உண்டா?’ என்று கேட்கும் ஆர்எஃப்சி 9462, 2023 நவம்பரில் வந்தது. ஐந்து வருட இடைவெளி. அதற்குள் பிரவுசர்களின் இயல்பு அமைப்புகள் நிலைத்துவிட்டன. இலட்சியத்தை முதலில் வெளியிட்டு, அதன் பக்க விளைவைப் பின்னால் பார்த்துக்கொள்வது என்ற பழக்கத்தைத்தான் நான் பொறுப்பின்மை என்பேன். ஆர்எஸ்ஏ-வைத் தூக்கியதை அல்ல.

இயக்குபவர்களின் கோரிக்கையை முறையாக எடுத்துக்கொண்டதற்கும் உதாரணம் உண்டு: பழைய போக்குவரத்து நெறிமுறையான டிசிபி-க்கு மாற்றாக வந்த க்விக் நெறிமுறையின் ஸ்பின் பிட். க்விக்கில் ஏறக்குறைய எல்லாமே குறியாக்கத்துக்குள் போய்விட்டதால், டிசிபி-யில் நடுவிலிருந்து அளந்ததைப் போலப் போய்வரும் நேரத்தை அளக்க முடியாது. இயக்குபவர்கள் கேட்டது அது மட்டும்தான். கொடுத்தது ஒரே ஒரு பிட், குறுந்தலைப்பின் முதல் பைட்டில். சர்வர் தான் பெற்ற மதிப்பை அப்படியே திருப்பி அனுப்பும், கிளையண்ட் அதைப் புரட்டி அனுப்பும். அதனால் ஒவ்வொரு போய்வரும் நேரத்துக்கும் ஒருமுறை பிட் மாறும். நடுவில் இருப்பவர் மாற்றங்களுக்கு இடைப்பட்ட நேரத்தை அளந்தால் போதும்.

அதோடு விடவில்லை என்பதுதான் அழகு. இந்தப் பிட்டை அணைத்து வைப்பவர் தனியாகத் தெரிந்துவிடக் கூடாது அல்லவா? அதனால் எல்லா முனைகளும், இயக்கி வைத்திருந்தாலும்கூட, 16 பாதைகளில் குறைந்தது ஒன்றிலாவது தற்செயலாக அதை அணைத்தாக வேண்டும் என்று ஆர்எஃப்சி 9000 கட்டாயமாக்குகிறது. இரு முனைகளும் தனித்தனியே அணைப்பதால் சுமார் எட்டில் ஒரு பாதையில் சமிக்ஞை இருக்காது. அளப்பவருக்கு இது இடைஞ்சலே இல்லை. மறைந்துகொள்ள விரும்புபவருக்கோ ஒரு கூட்டமே துணைக்குக் கிடைக்கிறது.

இயக்குபவர் செலவுக்குக் கட்டாயப் பகுதி வேண்டும் என்பதை ஆதரிக்கிறேன். அதுவரை செய்யக்கூடியது: ஐஇடிஎஃப்-இன் மின்னஞ்சல் மடற்குழுவில் சேர உறுப்பினர் கட்டணம் கிடையாது, யாரும் எழுதலாம். ‘எங்களுக்குப் பிடிக்கவில்லை’ என்று எழுதினால் நகராது. எந்தப் பிரிவு, எந்தப் பத்தி, எந்தச் சூழலில் என்ன முறியும், அதற்குப் பதில் என்ன வாசகம் என்று எழுதுங்கள். பணிக்குழுவின் இறுதி அழைப்பு வழக்கமாக இரண்டு வாரம், பிறகு பொது இறுதி அழைப்புக்குக் குறைந்தது இரண்டு வாரம். அதன்பின் வரைவு, ஒப்புதல் தரும் இயக்குநர் குழுவான ஐஇஎஸ்ஜி-க்குப் போகும். அங்கே ஒரே ஒரு இயக்குநர் ‘டிஸ்கஸ்’ என்ற ஆட்சேபக் குறி போட்டாலும் அது தீரும்வரை வரைவு நிற்கும். நடைமுறை தவறு என்றால் மேல்முறையீட்டுக்கு இரண்டு மாதம். ஆர்எஃப்சி 7282 சொல்கிற கணக்கையும் நினைவில் வையுங்கள்: 100 பேர் ஆதரவும் 5 பேர் எதிர்ப்பும் இருந்தும் கருத்தொருமை இல்லாமல் போகலாம், 5 பேர் ஆதரவும் 100 பேர் எதிர்ப்பும் இருந்தும் கருத்தொருமை உண்டு என்றும் ஆகலாம். தலையை எண்ணுவதில்லை. ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லப்பட்டதா என்றுதான் பார்க்க வேண்டும். ஆட்சேபித்தவர் கேட்டபடியே நடந்தாக வேண்டும் என்றில்லை.

எல்லோரும் தனிநபராகப் பங்கேற்பதாகத்தான் விதி. ஆனால் வருடத்துக்கு மூன்று கூட்டம், விமானம், விடுதி, வேலை நேரம் எல்லாம் யார் செலவு என்று கேட்டால் பெரும்பாலும் முதலாளி செலவு. விதி இதைச் சரிசெய்துவிடாது. எழுத்தில் கிடக்கும் ஆட்சேபத்தைப் புறக்கணிப்பது கடினம் என்பது மட்டுமே சின்ன ஆறுதல்.

#7 சிவப்புப்பேனா

ஒரு திருத்தம். #1-இல் அடுக்கியவை எல்லாம் ஒரே எடை உள்ளவை அல்ல. 7258-உம் 3935-உம் ஐஇடிஎஃப் முழுவதன் கருத்தொருமையோடு வந்த ‘சிறந்த நடைமுறை’ ஆவணங்கள். 8890 ஐஏபி என்ற சிறு குழுவின் தகவல் ஆவணம், யாரையும் கட்டுப்படுத்தாது. மனித உரிமை பற்றி அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் 8280 ஆய்வுக்குழுவிலிருந்து வந்தது. 1984-கூட முதலில் தகவல் ஆவணமாகத்தான் இருந்தது, 2015-இல்தான் தரம் உயர்த்தினார்கள். ஆர்எஃப்சி எண் இருந்தாலே தரநிலை என்று நினைத்துக்கொண்டு வாதாடப் போனால் முதல் பந்திலேயே அவுட். ஆவணத்தின் தலைப்பகுதியில் ‘வகை’ என்ன, எந்த ஓடை (வெளியிட்ட பிரிவு) என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

#8 பிட்டுக்குப்பிட்டு

திருத்தம் சரி. 1984-ஐ எடுத்ததால் அதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இது யாருக்கும் பெருமை தராத பகுதி.

1996-இல் ‘குறியாக்கத்தைப் பலவீனப்படுத்தாதே’ என்று அறிக்கை. 1999 ஜனவரியில் டிஎல்எஸ் 1.0 (ஆர்எஃப்சி 2246). அதன் தொகுப்புகளின் (குறியாக்க முறைகளின் சேர்க்கை) பட்டியலில், அமெரிக்க ஏற்றுமதிச் சட்டத்துக்காக வேண்டுமென்றே நலிவாக்கிய 40 பிட் தொகுப்புகளும் 512 பிட் ஆர்எஸ்ஏ-யும் இடம்பெற்றன. அன்றைக்கு அவை இல்லாமல் பொருளை விற்க முடியாது, புரிகிறது. 2006-இல் டிஎல்எஸ் 1.1 இவற்றை ஏற்கக் கூடாது என்றது. ஆனால் 1.0 ஓடிக்கொண்டேதான் இருந்தது, சர்வர்களின் அமைப்புக் கோப்புகளில் அந்த வரிகளும் அப்படியே கிடந்தன.

2015 மார்ச்சில் ஃப்ரீக் தாக்குதல். நடுவில் இருப்பவர் கிளையண்டின் முதல் செய்தியில் தொகுப்பை ‘ஏற்றுமதி ஆர்எஸ்ஏ’ என்று மாற்றுகிறார். சர்வர் 512 பிட் தற்காலிகச் சாவியைத் தருகிறது. கிளையண்ட் தான் கேட்காத சாவி வந்திருக்கிறதே என்று பார்க்காமல் ஏற்கிறது, அது மென்பொருள் பிழை. பல சர்வர்கள் அந்தத் தற்காலிகச் சாவியை மறுதொடக்கம்வரை மாற்றுவதே இல்லை. ஆக, ஒருமுறை அதைக் காரணிப்படுத்தி உடைத்தால் (வாடகைக் கணினிகளில் சில மணி நேர வேலை) அதற்குப்பின் வரும் இணைப்புகளையெல்லாம் திறந்துவிடலாம். இரண்டே மாதத்தில் டிஃபி-ஹெல்மனுக்கும் அதே கதி: லாக்ஜாம்.

சேர்க்கும்போதே நீக்கும் தேதியை எழுதாததுதான் தவறு. டிஎல்எஸ்-இன் முன்னோடியான எஸ்எஸ்எல் 3-ஐ அதிகாரபூர்வமாகக் கைவிட்டது 2015 ஜூனில், அதை உடைத்த பூடுல் தாக்குதல் வெளியாகி எட்டு மாதத்துக்குப் பின். டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் ஆர்எஃப்சி 8996 கைவிட்டது 2021 மார்ச்சில். புதிது எழுத ஆள் வரிசையில் நிற்கிறது, பழையதைக் குழிதோண்டிப் புதைக்க ஆள் கிடைப்பதில்லை.

#9 ஈரப்பதம்

வணக்கம். இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன். ஒரு நடைமுறைக் கேள்வி: சென்சார்களுக்கான நெறிமுறை வரைவில், ஒவ்வொரு செய்தியின் தலைப்பிலும் தொழிற்சாலையில் பதித்த 8 பைட் சாதன எண் குறியாக்கமின்றிப் போகிறது. பெறும் பக்கத்தில் சரியான சாவியைத் தேடி எடுக்க அது வசதி. தனியுரிமைப் பகுதியில் ‘செயல்படுத்துவோர் இதில் கவனம் செலுத்த வேண்டும்’ என்று எழுதினால் போதுமா?

#10 வரைவுவாசகி

போதாது ஐயா. புதிய ஐபி முகவரி முறையான ஐபிவி6 இதே குழியில் விழுந்து எழுந்திருக்க இருபது வருடம் ஆயிற்று. நெட்வொர்க் அட்டையில் பதித்த 48 பிட் மேக் முகவரியை நடுவில் வெட்டி எஃப்எஃப்எஃப்ஈ என்ற 16 பிட்டைச் செருகி, ஒரு பிட்டைப் புரட்டினால் முகவரியின் கடைசி 64 பிட் தயார். வசதிதான். ஆனால் மடிக்கணினி எந்த நெட்வொர்க்குக்குப் போனாலும் பின்பாதி மாறாது, போகிற இடமெல்லாம் அடையாளம். 2001-இல் தற்காலிக முகவரி (3041), 2014-இல் நெட்வொர்க்குக்கு ஒன்றாக நிலையான முகவரி (7217), 2017-இல் ‘நிலையான முகவரிக்கு இனி இதுவே இயல்பு’ (8064) என்று தவணை முறையில் சரிசெய்தார்கள்.

நீங்கள் இப்போதே செய்யக்கூடியது: சாதன எண்ணைக் குறியாக்கத்துக்கு உள்ளே தள்ளுங்கள். வெளியே சாவியைத் தேட மட்டும், பெறுமுனை தற்செயலாகத் தேர்ந்த இணைப்பு எண் ஒன்று போதும். இணைப்பு நடக்கும்போதே உதிரி எண்களை உள்ளே அனுப்பி வையுங்கள், ஐபி முகவரி மாறும் அதே கணத்தில் இணைப்பு எண்ணும் மாற வேண்டும். ஒன்று மாறி மற்றொன்று நின்றால், நின்றது இரண்டு முகவரிகளையும் முடிச்சுப் போட்டுக் காட்டிக்கொடுக்கும். செய்தி வரிசை எண் 4711-க்கு அடுத்து 4712 என்று வெளியே தெரிந்தாலும் அதே கதைதான். க்விக்கில் பாக்கெட் எண்ணையும் மறைப்பது இதற்காகத்தான். தனித்தனிச் செய்திகளுக்கான டிஎல்எஸ் வடிவமான டிடிஎல்எஸ் மேல் கட்டுவதாக இருந்தால் 1.2-க்கான இணைப்பு எண் (ஆர்எஃப்சி 9146) இணைப்பின் நடுவில் மாறாது. 1.3-இல் (9147) மாற்ற முடியும், அதை எடுங்கள்.

கவன வாசகத்துக்குப் பதில் சோதிக்கக்கூடிய வாசகம் எழுதுங்கள்: முகவரி மாறிய பின் பழைய இணைப்பு எண்ணோடு செய்தி வந்தால் பெறுமுனை என்ன செய்யும்? நிராகரிக்கும் என்றால் அதைக் கட்டாயமாக்கி, பின்னிணைப்பில் மாதிரிச் செய்தியை பைட் பைட்டாகக் கொடுங்கள். ஒன்று கவனம்: நடுவில் முகவரியை மாற்றும் பெட்டி (என்ஏடி) ஒன்று இருந்தால் சென்சாருக்கே தெரியாமல் ஐபியோ போர்ட்டோ மாறும். எல்லாவற்றையும் கண்ணை மூடி நிராகரித்தால் களத்தில் பாதி சென்சார் மௌனமாகிவிடும். சென்சார் தானே நகர்ந்ததையும் நடுவில் பிணைப்பு மாறியதையும் வரைவு தனித்தனியே கையாள வேண்டும்.

#11 மூன்றாம்_அடுக்கு

இன்னும் இரண்டு. முதலாவது, விரிவாக்கப் புலம் வைத்தால் ஆரம்பத்திலிருந்தே அதில் குப்பை மதிப்புகளை அவ்வப்போது அனுப்பச் சொல்லுங்கள் (கிரீஸ், ஆர்எஃப்சி 8701). இல்லையென்றால் இடைப்பெட்டிகள் (வழியில் நின்று பாக்கெட்டைப் பார்க்கும் கருவிகள்) இன்றைய மதிப்பையே நிரந்தரம் என்று எடுத்துக்கொள்ளும். டிஎல்எஸ் 1.3 தன் பதிப்பு எண்ணை அதற்குரிய புலத்தில் சொல்ல முடியாமல், அங்கே 1.2-இன் மதிப்பைப் போட்டுவிட்டு உண்மையை ஒரு விரிவாக்கத்துக்குள் வைத்தது இந்த வினையால்தான்.

இரண்டாவது, நீளம். ‘கதவு திறந்தது’ 31 பைட், ‘கதவு மூடியது’ 29 பைட் என்றால் குறியாக்கம் செய்து என்ன பயன்? டிஎன்எஸ்-இல் கேள்வியை 128 பைட்டின் மடங்குக்கும் பதிலை 468-இன் மடங்குக்கும் நிரப்பச் சொல்கிறது ஆர்எஃப்சி 8467. மின்கலத்தில் ஓடும் சென்சாருக்கு அது கட்டுப்படியாகாது. உங்கள் செய்தி வகைகளின் நீளங்களை எழுதிப் பாருங்கள். மிக நீண்டது 40-ஐத் தாண்டவில்லை என்றால் எல்லாவற்றையும் 48-க்கு நிரப்பினால் போதும். ஒலிபரப்பு நேரம் எவ்வளவு கூடுகிறது என்ற கணக்கையும் வரைவிலேயே போட்டுவிடுங்கள், கம்பிக்காரன் கேட்ட செலவுப் பகுதி உங்கள் வரைவிலிருந்தே தொடங்கட்டும்.